வயர் இழுப்பதா, வயர்லெஸ் வாங்குவதா? மதுரை வீடுகளுக்கான கேள்வி பதில்

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் வீடுகளுக்குக் கேமராவும் அலாரமும் மாட்டுவது என் பிழைப்பு. கடைக்கு வருகிறவர்கள் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே "எது நல்லது, வயரா, வயர்லெஸ்ஸா?" என்று கேட்பார்கள். "உங்கள் வீட்டுச் சுவர் எத்தனை அங்குலம்?" என்று நான் திருப்பிக் கேட்பேன். சிலருக்கு முகம் சுருங்கும். சுவர் எப்படிப்பட்டது, கரண்ட் எந்த வழியாக வருகிறது, இரவில் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்ற மூன்றும் தெரியாமல் இதற்குப் பதில் சொல்கிறவர் பெட்டி விற்கத்தான் பார்க்கிறார். அடிக்கடி வரும் கேள்விகளை ஒரே இடத்தில் எழுதிவைத்திருக்கிறேன்.

வயர்லெஸ் என்றால் வயரே வேண்டாம்தானே?

படத்துக்கு வேண்டாம், கரண்டுக்கு வேண்டும். கடைகளில் வயர்லெஸ் கேமரா என்று விற்கப்படுபவற்றில் பெரும்பாலானவை வைஃபை வழியாகப் படம் அனுப்புபவை. பின்னால் அடாப்டர் வயர் தொங்கத்தான் செய்யும். எல்லீஸ் நகரில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இணையத்தில் வாங்கிய பெட்டியைப் பிரித்து, அடாப்டரைத் தூக்கிக் காட்டி, "தம்பி, வெளியே வயர்லெஸ் என்று அச்சடித்துவிட்டு உள்ளே வயரை வைத்திருக்கிறார்களே" என்றார். அவர் வீட்டு கேட் அருகே பிளக் பாயின்ட் கிடையாது. கூடத்திலிருந்து கேட் வரை கரண்ட் வயர் இழுத்தோம். அதே பைப்பில் கேமரா கேபிளையும் சேர்த்து இழுத்திருந்தால் வைஃபையே தேவைப்பட்டிருக்காது.

முழுக்க பேட்டரியில் ஓடும் கேமராக்களும் உண்டு. அவை எந்நேரமும் தூங்கிக்கொண்டிருக்கும். ஆள் நடமாட்டம் தெரிந்தால் மட்டும் விழித்து, சில நொடிகள் பதிவு செய்துவிட்டு மறுபடியும் தூங்கிவிடும். விழிக்கும் அந்த நேரத்துக்குள் வேகமாகக் கடந்துவிட்டவரின் முதுகுதான் பதிவில் இருக்கும்.

கேமரா இருந்தால் அலாரம் எதற்கு?

கேமரா நடந்ததைச் சொல்லும். அலாரம் நடக்கும்போதே எழுப்பும். வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்கு நான் முதலில் சொல்வது அலாரம்தான், கேமரா அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளலாம்.

கதவு சென்சார் மிக எளிய பொருள். நிலையில் ஒரு சிறு குழல், கதவில் ஒரு காந்தத் துண்டு. கதவு மூடியிருக்கும்போது காந்தம் குழலுக்குள் இருக்கும் இரண்டு மெல்லிய தகடுகளை ஒட்டவைத்திருக்கும். கதவு திறந்தால் தகடுகள் பிரியும், அலாரம் அடிக்கும். வயர் இழுத்த அமைப்பில் இதற்கு ஒரு கூடுதல் நன்மை: மூடிய கதவில் மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருப்பதால், வயரை யாராவது வெட்டினாலும் கதவு திறந்ததாகவே கணக்காகி அலாரம் அடித்துவிடும். வயர்லெஸ் சென்சாரில் இதே வேலையைச் செய்ய ஒரு சிறு பேட்டரியும் அலைபரப்பியும் உள்ளே இருக்கும். நல்ல தயாரிப்பு அவ்வப்போது "நான் இருக்கிறேன்" என்று மையக் கருவிக்குத் தகவல் அனுப்பும். மலிவான தயாரிப்பு செத்துப்போனாலும் சொல்லாது. வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி இது.

தேக்குக் கதவு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐப்பசி மழையில் மரம் உப்பும், பங்குனியில் சுருங்கும். காந்தத்துக்கும் குழலுக்கும் இடைவெளி கூடினால் நடுராத்திரியில் காரணமில்லாமல் அலறும். இடைவெளியை ஒரு விரல் கனத்துக்குள் வையுங்கள். இரும்புக் கதவாக இருந்தால் அதற்கென்று வரும் பெரிய காந்தம் வேண்டும், சாதாரணக் காந்தத்தின் இழுவையை இரும்பு தின்றுவிடும்.

மாசி வீதிப் பக்கம் பழைய வீடு. எது சரிப்படும்?

சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று கோயிலைச் சுற்றி அடுக்கடுக்காக இருக்கும் தெருக்களில் இன்னும் காரைச் சுவர் வீடுகள் இருக்கின்றன. ஒன்றரை அடி கனம் சாதாரணம். முன்கூடத்தில் ரவுட்டர் வைத்தால் இரண்டு சுவர் தாண்டி அடுப்படிக்குப் போவதற்குள் வைஃபை மூச்சு வாங்கும். அதனால் வயர்லெஸ் ஒத்துவராது என்று நினைக்கத் தோன்றும். வயர் பதிக்கலாம் என்று உளி வைத்தால் காரை தட்டு தட்டாகப் பெயர்ந்து விழும், வீட்டுக்காரர் கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

இப்படிப்பட்ட வீடுகளுக்கு முற்றம்தான் வழி. மேல் மாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் நான் செய்ததைச் சொல்கிறேன். ரவுட்டரிலிருந்து ஒரே ஒரு நெட்வொர்க் கேபிளை (Cat 6 வகை) உத்தரத்தின் மேல் விளிம்போடு ஒட்டி, பழைய வெண்டிலேட்டர் துளை வழியாக முற்றத்துக்குக் கொண்டுவந்தேன். சுவரில் ஒரு துளையும் போடவில்லை. முற்றத்தின் தாழ்வாரத்தில் இரண்டாவது வைஃபை கருவி ஒன்றை வைத்தேன். முற்றத்தைச் சுற்றியுள்ள அறைகளுக்கு வாசல் வழியாகவே அலை போய்விடுகிறது. வாசல் கேமராவுக்கு மட்டும் தனி வயர். கதவு, ஜன்னல் சென்சார்கள் எல்லாம் வயர்லெஸ். கேபிள் இருக்குமிடம் தெரிய வேண்டுமென்றால் அண்ணாந்து தேட வேண்டும்.

பல கேமராக்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையை மட்டும் பிடிக்கும். அது ஒரு வகையில் நல்லதுதான். 5 கிகாஹெர்ட்ஸைவிட அதுதான் சுவரை நன்றாகக் கடக்கும். ஆனால் நெருக்கமான தெருவில் பக்கத்து வீடு, மாடி வீடு, கீழே இருக்கும் ஜவுளிக்கடை எல்லாரும் அதே அலைவரிசையில்தான் முட்டிமோதிக்கொண்டிருப்பார்கள். பண்டிகை நேரத்தில் கடையில் கூட்டம் கூடினால் உங்கள் படம் திணறும்.

புதிதாக வீடு கட்டுகிறோம். எப்போது சொல்ல வேண்டும்?

பூச்சு வேலைக்கு முன்னால். பால் காய்ச்சிய பிறகு கூப்பிடுகிறவர்கள்தான் அதிகம். புதுப் பெயின்ட்டின் மேல் துளை போட எனக்கும் மனசு வராது.

கட்டுகிற வீட்டுக்கு நான் யோசிக்காமல் சொல்வது வயர்தான். கரண்ட் பைப்போடு சேர்க்காமல் தனியாக ஒரு பைப் பதித்து, பின்னால் கேபிளைக் கட்டி இழுக்க உள்ளே ஓர் இழுகம்பியை விட்டுவைக்கச் சொல்லுங்கள். வாசல், கார் நிறுத்தும் இடம், பின்கட்டு, மொட்டை மாடிப் படிக்கட்டு என்று நான்கு முனை போதும். கேமரா படங்களைச் சேமித்துவைக்கும் பதிவுக் கருவி நிற்கும் முனையை டி.வி.க்குக் கீழே வைக்காதீர்கள். எல்லார் வீட்டிலும் அங்கேதான் இருக்கிறது, வருகிறவனுக்கும் அது தெரியும். இப்போதுள்ள, நெட்வொர்க் கேபிளில் இணைக்கும் ஐ.பி. கேமராக்களுக்கு ஒரே கேபிளில் கரண்டும் படமும் போய்விடும், 100 மீட்டர் வரை தாங்கும். நம் ஊர் மனைகளுக்கு அது தாராளம். பூசுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். பின்னாளில் ஆணி அடிக்கும்போது என்னை நினைப்பீர்கள்.

கேபிள் எல்லாம் ஒன்றுதானே? விலை ஏன் இவ்வளவு வேறுபடுகிறது?

தொழிலுக்கு வந்த புதிதில் நானே ஏமாந்த இடம் இது. வழக்கமாக வாங்கும் வியாபாரி ஒருவர் பாதி விலைக்கு ஒரு கட்டு கேபிள் தந்தார். ஊமச்சிகுளத்தில் ஒரு வீட்டில் இழுத்தேன். பகலில் படம் பளிச்சென்று இருந்தது. இரவில் கேமராவின் அகச்சிவப்பு விளக்குகள் எரிந்து கரண்ட் தேவை கூடியதும் தூரத்துக் கேமரா அணைந்து அணைந்து வந்தது. மூன்று நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்ட பிறகு கேபிளைச் சீவி, உள்கம்பியை பிளேடால் லேசாகச் சுரண்டினேன். செம்பு நிறம் உரிந்து உள்ளே வெள்ளையாக மின்னியது. அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம்! அலுமினியத்தில் மின்தடை அதிகம். தூரம் போகப்போக வோல்டேஜ் இறங்கும், இணைப்புகளும் சீக்கிரம் கெடும். முழுக் கட்டையும் உருவி எறிந்துவிட்டு என் கைக்காசில் செம்புக் கேபிள் மாற்றினேன்.

உங்கள் வீட்டில் இழுப்பதற்கு முன் ஒரு பிளேடு கேளுங்கள். சுரண்டிய இடமும் செம்பாகவே இருக்க வேண்டும். கேமரா விலையில் பேரம் பேசுங்கள், கேபிளில் பேசாதீர்கள்.

கரண்ட் போனால் எது தாங்கும்?

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் காலை 9 மணிக்குப் போகிற கரண்ட் திரும்புவதற்கு மதியம் 2 ஆகும், சில நாள் மாலையாகும். எந்தப் பகுதியில் என்றைக்கு என்று முதல் நாளே பேப்பரில் வந்துவிடுகிறது. படிக்கிறவர்கள் எல்லாரும் நல்லவர்களாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

கணக்குப் போடலாம். கேமரா ஒன்றுக்கு 5 வாட் என்றால் நான்குக்கு 20. பதிவுக் கருவிக்கு 15. ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் சேர்த்து 15. ஆக 50 வாட். வீட்டில் 150 ஆம்பியர் பேட்டரியோடு இன்வெர்ட்டர் இருந்தால், இழப்பு போக 1,200 வாட்–மணி கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேமரா அமைப்பு மட்டும் ஓடினால் ஒரு நாள் முழுக்கத் தாங்கும். இரண்டு மின்விசிறியும் சேர்ந்தால் ஆறு மணி நேரம். வயர் அமைப்பானாலும் வைஃபை அமைப்பானாலும் இந்தக் கணக்கு மாறாது.

பலர் கேமராவை இன்வெர்ட்டரில் கொடுத்துவிட்டு ரவுட்டரை மறந்துவிடுகிறார்கள். வயர் கேமரா அப்போதும் பதிவு செய்துகொண்டிருக்கும், செல்போனில் மட்டும் தெரியாது. வைஃபை கேமராவோ ரவுட்டர் அணைந்ததும் அனாதைதான். உள்ளே மெமரி கார்டு போட்டிருந்தால் அதில் எழுதும், இல்லாவிட்டால் அதுவும் இல்லை. இன்வெர்ட்டரின் பின்னால் யு.பி.எஸ். மோடு என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அதைப் போடாவிட்டால், கரண்ட் மாறும் அந்தக் கண நேரத்தில் பதிவுக் கருவி அணைந்து மறுபடியும் தொடங்கும்.

வயர்லெஸ் அலாரம் ஜெயிக்கிற இடமும் இதுதான். சென்சார்கள் தத்தம் பேட்டரியில் இருக்கின்றன, மையக் கருவிக்குள்ளும் பேட்டரி உண்டு. நம் ஊரில் மீட்டர் பெட்டி திண்ணைச் சுவரிலோ காம்பவுண்டுக்குள்ளோ வெளியே இருக்கும். ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டு உள்ளே வருகிறவனுக்கு அந்த அலாரம் அடங்காது. வயர் அலாரத்துக்கும் 12 வோல்ட் 7 ஆம்பியர் பேட்டரி ஒன்றை உள்ளே வைப்பது வழக்கம். சில வருடத்தில் அது தளர்ந்துவிடும், யாரும் மாற்ற மாட்டார்கள்.

வெயில் பாதிக்குமா?

பாதிக்கும். வீட்டுக்குள் ஆளைக் கண்டுபிடிக்கும் சென்சார், சுற்றுப்புறச் சூட்டுக்கும் உடம்புச் சூட்டுக்கும் உள்ள வேறுபாட்டைத்தான் பார்க்கிறது. கத்திரி வெயிலில் பூட்டிக் கிடக்கும் மாடி அறை நம் உடம்புச் சூட்டை நெருங்கிவிடும். அப்போது அதன் கண் மங்கும். சற்று விலை கூடிய சென்சார்கள் வெப்பத்துக்கேற்ப தம்மைச் சரிசெய்துகொள்ளும், மாடி அறைக்கு அதுதான் வாங்க வேண்டும். மேற்கு ஜன்னலைப் பார்த்து மாட்டினால் சாயங்கால வெயிலுக்கே அலறும். பல்லி அதன் முகத்தின் மேல் ஊர்ந்தாலும் அலறும். இதில் வயர், வயர்லெஸ் என்ற பேதம் இல்லை. பேட்டரி கேமராவை மட்டும் நேர் வெயிலில் தொங்கவிடாதீர்கள், லித்தியம் பேட்டரியின் ஆயுள் சூட்டில் சீக்கிரம் கரையும்.

வயர்லெஸ்ஸை முடக்கிவிடலாம் என்கிறார்களே?

முடியும். அலைகளை இரைச்சலால் மூழ்கடிக்கும் ஜாமர்கள் இருக்கின்றன. அரசு அனுமதி இல்லாமல் அவற்றை வைத்திருப்பதே சட்டவிரோதம், ஆனால் திருட வருகிறவன் சட்டத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு வருவதில்லை. நல்ல வயர்லெஸ் அலாரம் இரைச்சல் எழுந்ததைக் கண்டுபிடித்துச் சொல்லும். ஆனாலும் இத்தனை வருடத்தில் நான் நேரில் பார்த்ததெல்லாம் கேமராவைக் கம்பால் திருப்பிவிட்டதும், வெளியே தொங்கிய வயரைப் பிடித்து இழுத்ததும்தான். எட்டாத உயரத்தில் மாட்டுங்கள், வயரைச் சுவருக்குள்ளோ பைப்புக்குள்ளோ விடுங்கள்.

இணையம் வழியாக யாராவது எட்டிப் பார்த்துவிட்டால்?

2016-இல் மிராய் என்ற தீநிரல் உலகம் முழுக்கக் கேமராக்களையும் பதிவுக் கருவிகளையும் பிடித்துக்கொண்டது. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று அவற்றைக் கொண்டு நடத்திய தாக்குதலில் அமெரிக்காவில் பல பெரிய இணையதளங்கள் மணிக்கணக்கில் முடங்கின. அதன் கையில் இருந்த பெரிய ஆயுதம், தொழிற்சாலையிலேயே வைத்துவிட்ட கடவுச்சொற்கள் 60-க்கும் மேற்பட்டவை கொண்ட ஒரு பட்டியல். அது பிடித்த கருவிகளில் பல, வயர் போட்டவை. வயர் இருப்பதாலேயே பத்திரம் என்று நினைக்க வேண்டாம். இணையத்தில் சேர்த்துவிட்டால் இரண்டும் ஒன்றுதான்.

மாட்டிக்கொடுக்கிறவர் போகும் முன் கடவுச்சொல்லை உங்கள் கையாலேயே மாற்றுங்கள். எனக்கும் சொல்லாதீர்கள். 2025 ஏப்ரல் முதல் சிசிடிவி கேமராக்களுக்கு இணையப் பாதுகாப்புச் சோதனையும் கட்டாயமாகியிருக்கிறது. பெட்டியில் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

மகன் அமெரிக்காவிலிருந்து ஒரு அலாரம் செட் கொண்டுவந்திருக்கிறான். மாட்டலாமா?

பெட்டியின் அடியில் அலைவரிசையைப் பாருங்கள். அங்கே பல அலாரங்கள் 902 முதல் 928 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையில் பேசும். இங்கே அதன் ஒரு பகுதி செல்போன் நிறுவனங்களுக்கு உரியது. அதற்குப் பக்கத்தில் இந்தியாவில் இதுபோன்ற சிறு கருவிகளுக்கு உரிமம் இல்லாமல் விடப்பட்டிருப்பது 865 முதல் 868 வரை. வைஃபை கேமராவாக இருந்தால் தாராளமாக மாட்டலாம், அடாப்டர் 240 வோல்ட் தாங்குமா என்று மட்டும் பாருங்கள். அன்போடு சுமந்து வந்ததைத் திருப்பி அனுப்பச் சொல்ல எனக்கும் சங்கடமாகத்தான் இருக்கிறது.

வாடகை வீடு?

வயர்லெஸ். இரட்டைப் பசை டேப்பில் ஒட்டி, காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போங்கள்.

எத்தனை நாள் பதிவு இருக்கும்?

தெளிவான படத்துக்கு ஒரு கேமரா நொடிக்கு 2 மெகாபிட் எடுத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 21.6 ஜிபி. நான்கு கேமராவுக்கு 86 ஜிபி. 1 டிபி ஹார்ட் டிஸ்க் பதினொரு நாளில் நிரம்பி, பழையதை அழித்து எழுதத் தொடங்கும். பதினைந்து நாள் ராமேஸ்வரம், காசி என்று கிளம்புகிறவர்கள் 2 டிபி போட்டுக்கொள்ளுங்கள். வைஃபை கேமராவின் 64 ஜிபி கார்டு இதே கணக்கில் மூன்று நாள்கூட நிற்காது.

சோழவந்தான் பக்கம் தென்னந்தோப்பு. மோட்டார் வயரை அறுத்துக்கொண்டு போகிறார்கள்.

அங்கே வயரும் கிடையாது, வைஃபையும் கிடையாது. சூரியத் தகடு வைத்த, சிம் போடும் 4ஜி கேமராதான் வழி. எந்த நிறுவனத்தின் சிக்னல் கிணற்றடியில் கிடைக்கிறது என்று உங்கள் செல்போனை வைத்து முதலில் பாருங்கள். தகட்டின் மேல் மட்டை நிழல் விழக்கூடாது, தோப்பில் அதுதான் பெரிய சவால். தொடர்ந்து படம் அனுப்பினால் நாளொன்றுக்கு 20 ஜிபிக்கு மேல் போகும் என்று மேலே பார்த்தோம், எந்த டேட்டா பேக்கும் தாங்காது. ஆள் வந்தால் மட்டும் அனுப்பும்படி அமைக்க வேண்டும். நாய்க்கும் மயிலுக்கும் சேர்த்துத்தான் அனுப்பும், ஒரு வாரம் பொறுத்துப் பழகிக்கொள்ளுங்கள்.

வயர் அமைப்பின் பெரிய குறை என்ன?

இடி. கோடை மழையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் விழுகிற இடிக்கு மொட்டை மாடியில் ஓடும் நீளக் கேபிள் நல்ல வழி. வீட்டின் மேல் விழ வேண்டியதில்லை, பக்கத்தில் விழுந்தாலே கேபிளில் மின்சாரம் பாய்ந்து பதிவுக் கருவியின் முனைகளைக் கருக்கிவிடும். எர்த் சரியாக இருக்க வேண்டும், திடீரென்று பாயும் மின்சாரத்தைத் தடுக்கும் சர்ஜ் தடுப்பான் வேண்டும். இரண்டும் இருந்த வீட்டில்கூட ஒரு முனை போனதைப் பார்த்திருக்கிறேன். இன்னொரு எதிரி அணில். கூடு கட்டுகிற நேரத்தில் கேபிள் உறையைக் கடித்துப் பார்க்கும். பைப்புக்குள் விட்டால் தப்பிக்கலாம்.

திருட்டு நடந்துவிட்டால் பதிவு கோர்ட்டில் நிற்குமா?

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-வது பிரிவின்படி, மின்னணுப் பதிவோடு சான்றிதழ் வேண்டும். கருவியை வைத்திருப்பவர் ஒரு பகுதியிலும், நிபுணர் ஒரு பகுதியிலும் கையெழுத்திட வேண்டும். போலீசார் வழிகாட்டுவார்கள். நீங்கள் செய்ய வேண்டியது இரண்டு: பதிவை அழிய விடாமல் கருவியை நிறுத்தி வைப்பது, கருவியின் கடிகாரத்தைச் சரியாக வைத்திருப்பது. நேரம் நாற்பது நிமிடம் பின்தங்கிய பதிவை வைத்துக்கொண்டு விளக்கம் சொல்வது பெரும் பாடு.

சித்திரைத் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு போகிறோம். பூட்டும் முன் என்ன பார்க்க வேண்டும்?

எதிர்சேவைக்கு மூன்றுமாவடி போய்விட்டு, மறுநாள் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்த்துத் திரும்பும் வரை தெருவே காலியாகக் கிடக்கும். காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போங்கள். அலாரத்தைப் போட்டுவிட்டு வாசல் கதவை ஒரு முறை திறந்து, சைரன் அடிக்கிறதா, செல்போனுக்குத் தகவல் வருகிறதா என்று பாருங்கள். தகவல் வருகிற எண்களில் ஒன்று பக்கத்து வீட்டுக்காரருடையதாக இருக்கட்டும். துபாயில் இருக்கும் மகன் பதறலாம், ஓடி வர முடியாது. ஒட்டடைக் கம்பால் கேமரா முகத்தில் இருக்கும் சிலந்தி வலையைத் தட்டிவிடுங்கள். இரவில் அகச்சிவப்பு ஒளி பட்டு அந்த ஒற்றை இழை கயிறு போல வெளுத்துத் தெரியும்.

கடைசியாக, நேற்று இரவு 2 மணிப் பதிவை எடுத்து ஓட்டிப் பாருங்கள். நேரலைப் படத்தைப் பார்த்துத் திருப்திப்பட்டுவிடாதீர்கள். திருநகரில் ஒரு வீட்டில் கூடத்து டி.வி.யில் நான்கு கேமராவும் தெளிவாகத் தெரிந்துகொண்டிருந்தன. பக்கத்து வீட்டில் ஸ்கூட்டர் காணாமல் போய், பதிவைக் கேட்டு வந்தபோதுதான் தெரிந்தது, ஹார்ட் டிஸ்க் நின்று ஏழு மாதம் ஆகியிருந்தது.